ஊசி போட்டாச்சு சரிங்க, எந்த ரகத்துக்கு போட்டீங்க? மாட்டு லெப்டோ, நாய் லெப்டோ பத்தி கொஞ்சம் வெவரமா

ஏழு மாச சினை மாடு கன்னு வீசிருச்சுன்னா, அதாவது சினை கலைஞ்சு போச்சுன்னா, நம்ம பக்கம் மொதல்ல கண்ணு பட்டிருச்சும்பாங்க, அடுத்து வெயில் சூடும்பாங்க, கொஞ்சம் வெவரம் தெரிஞ்சவங்க கன்னு வீச வெக்கற இன்னொரு கிருமியான புருசெல்லாவா இருக்குமோன்னு கேப்பாங்க. லெப்டோன்னு, அதாவது எலிக்காய்ச்சல் குடுக்கற கிருமின்னு, சட்டுனு யாரு வாய்லயும் வராது. எலிக்காய்ச்சல்னா அது வெள்ளம் வர்ற ஊரு நோவு, கேரளா, சென்னை, அந்தமான்னு அங்க இருக்கறது, நம்மளது வானம் பாத்த மேட்டாங்காடு, இங்க எங்கிருந்து வரப்போகுதுன்னு ஒரு நெனப்பு. நாய் வளக்கறவங்க இன்னொரு பக்கம், ஏழு சங்கதிய ஒண்ணா சேத்த செவன் இன் ஒன் ஊசி போட்டாச்சு, அதுலயே லெப்டோவும் இருக்குது, வேலை முடிஞ்சதுன்னு இருக்காங்க. ரெண்டுமே பாதி தான் சரி. இந்த கிருமிய பொறுத்தவரைக்கும் தடுப்பூசி போட்டாச்சான்னு மட்டும் கேட்டா பிரயோஜனம் இல்லீங்க, எந்த ரகத்துக்கு போட்டீங்க, உங்க கட்டுத்தரையில சுத்தறது எந்த ரகம்னு சேத்து கேட்டா தான் பதில் உருப்படியா வரும்.

கிருமிய பத்தி சுருக்கமா. லெப்டோஸ்பைராங்கறது ஸ்ப்ரிங் மாதிரி சுருண்ட ரொம்ப மெல்லிசான பாக்டீரியா, சாதா மைக்ராஸ்கோப்புல கண்ணுக்கே சிக்காது, இருட்டு பின்னணி வெச்சு பாக்கற டார்க் ஃபீல்டுல தான் நெளியறது தெரியும். 1886ல ஜெர்மனில அடோல்ஃப் வைல்ங்கிற டாக்டர் இந்த மஞ்சக்காமாலை காய்ச்சல தனி நோவுன்னு எழுதி வெச்சாரு, 1915ல ஜப்பான்ல இனாடா, இடோன்னு ரெண்டு பேரு கிருமிய கண்டுபுடிச்சாங்க. அதுக்கப்பறம் தோண்ட தோண்ட ரகம் வந்துட்டே இருக்குது, இப்ப நோவு குடுக்கற ரகம் மட்டும் 250க்கு மேல. ரகம்னு நான் சொல்றத லேப்ல செரோவார்ம்பாங்க. கிருமியோட வெளித்தோல்ல இருக்கற சர்க்கரை சங்கிலி அமைப்பு ரகத்துக்கு ரகம் மாறும். காங்கயம் சந்தைல ஒரே ஒசரம் ஒரே நிறத்துல ரெண்டு காளை நின்னா வாங்கறவர் சுழிய பாத்து பிரிப்பாருல்ல, நம்ம ஒடம்போட எதிர்ப்பு சக்தியும் லெப்டோவ அப்புடி தான் பிரிக்குது, ஒரு சுழிக்கு பழகுன ஒடம்பு வேற சுழி வந்தா பெருசா கண்டுக்காது. நெருங்குன ரகங்கள ஒரு குழுவா சேத்து செரோகுரூப்ம்பாங்க, குழுவுக்குள்ள ஓரளவு பாதுகாப்பு கெடைக்கும், குழு தாண்டுனா அத நம்ப முடியாது. தடுப்பூசி சிக்கல் மொத்தமும் இங்க இருந்து தான் ஆரம்பிக்குது.

ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு சொந்த வீடு உண்டுங்க. எலிக்கு இக்டெரோஹெமரேஜியே, கோபன்ஹேகனி. நாய்க்கு கனிகோலா. மாட்டுக்கு ஹார்ஜோ. பன்னிக்கு பொமோனா. வயக்காட்டு எலி வகையறாவுக்கு கிரிப்போடைஃபோசா. சொந்த வீட்டுல இருக்கறப்ப கிருமி பெருசா ஆர்ப்பாட்டம் பண்ணாது, கிட்னில போய் குழாய்க்குள்ள ஒட்டிகிட்டு மாசக்கணக்குல மூத்திரத்துல வெளிய வந்துட்டே இருக்கும், பிராணி பாட்டுக்கு தீவனம் தின்னுட்டு நல்லா தான் இருக்கும். அதே ரகம் வேற வீட்டுக்குள்ள நுழைஞ்சா தான் ரகளை, எலி ரகம் நாய்க்கு வந்தா மஞ்சக்காமாலை, கிட்னி ஃபெயிலியர்னு நாலு நாள்ல தூக்கிருது. அதனால ஆளு பாத்தா நல்லா இருக்குதுங்கறத வெச்சு இந்த நோவு இல்லைன்னு சொல்லவே முடியாது.

இப்ப மாட்டு ரகத்துக்கு வர்றேன், நம்மூருக்கு இது தான் முக்கியம்னு எனக்கு தோணுது. ஹார்ஜோங்கிற பேரு இந்தோனேசியால ஒரு நோயாளி பேர்ல இருந்து வந்தது. வெளித்தோல் ஒண்ணா இருந்தாலும் உள்ள ரெண்டு வேற வேற ஜாதி, இன்டெரோகன்ஸ் வகைல ஹார்ஜோபிரஜித்னோ, போர்க்பீட்டர்செனி வகைல ஹார்ஜோபோவிஸ். ஒலகத்துல மாட்டுகிட்ட அதிகமா இருக்கறது ரெண்டாவது. இந்த போவிஸ் மாட்டு ஒடம்புலயே காலங்காலமா வாழ்ந்து பழகி, வெளிய தண்ணில பொழைக்கறதுக்கு வேணுங்கற மரபணுக்கள்ல நெறைய எழந்துருச்சுன்னு 2006ல முழு ஜீனோம் படிச்சு சொன்னாங்க. அதாவது இதுக்கு வெள்ளம், சேறு, வாய்க்கா எதுவும் தேவையில்ல. ஒரு மாடு பேயற மூத்திரம் பக்கத்து மாட்டு கண்ணுல மூக்குல தெறிச்சா போதும், பொலிகாளை சேத்தா போதும், கன்னு வீசுன நஞ்சுக்கொடிய இன்னொரு மாடு மோந்து நக்குனா போதும். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து கொரங்காட்டுல கிளுவை வேலிக்குள்ள கொழுக்கட்டைப்புல்லு மேயற மாட்டுக்கு கூட மழையே இல்லாத வருசத்துலயும் இது பரவலாம்னா காரணம் இது தான். வறண்ட சீமைல லெப்டோ வராதுங்கற பேச்சு எலி ரகத்துக்கு வேணா பொருந்தும், மாட்டு ரகத்துக்கு பொருந்தாதுங்க.

எலி ரகத்துக்கும் நம்மகிட்ட எடம் இல்லாம இல்ல. கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டாங்கன்னா ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல நனையுது, காளிங்கராயன் வாய்க்கா ஓரம் வருசம் பூரா நெல்லு, கரும்பு, மஞ்சள்னு ஈரமா தான் கெடக்கும், கோபி பக்கத்து நெல்லு வரப்புல எலி வளைக்கு பஞ்சமா. தீவன ரூம்ல புண்ணாக்கு மூட்டைக்கு அடில பெருச்சாளி குடும்பமே இருக்கும். ஈரோட்டுல மனுசங்க ரத்தத்துல இருந்தே லெப்டோவ வளத்து பிரிச்சு 2004ல ஆய்வுக் கட்டுரை வந்திருக்குது, அதனால இங்க இல்லவே இல்லைங்கற வாதம் இருபது வருசம் முன்னாடியே முடிஞ்சு போச்சு. ஆக ஒரே ஜில்லாவுக்குள்ள வாய்க்கா பாசன ஊர்ல ஒரு கணக்கு, மேட்டாங்காட்டுல இன்னொரு கணக்கு, ரெண்டுக்கும் ஒரே தடுப்பூசி திட்டம்னு சொன்னா நான் கொஞ்சம் சந்தேகமா தான் பாப்பேன்.

மாட்டுல இது எப்புடி தெரியும்? கறவை மாடு நேத்து வரைக்கும் பத்து லிட்டர் கறந்தது திடீர்னு ரெண்டு லிட்டர், அதுவும் நாலு காம்புலயும் ஒரே மாதிரி கொறையும், பால் கெட்டியா மஞ்சளா சீம்பால் கணக்கா வரும், சில நேரம் ரத்தச் சாயல் இருக்கும். மடி நோயின்னு நெனச்சு மடிய அமுக்கி பாத்தா கல்லு மாதிரி இருக்காது, சூடு இருக்காது, துணி மாதிரி தொளதொளன்னு இருக்கும், மாடும் ஒதைக்காது. மடி நோயா இருந்தா பெரும்பாலும் ஒரு காம்பு ரெண்டு காம்புல தான் வரும், வீங்கும், வலிக்கும். இந்த வித்தியாசத்த கறக்கறவங்க தான் மொதல்ல கண்டுபுடிக்க முடியும், டாக்டர் வர்றதுக்குள்ள பாதி மாறி போயிருக்கும், பத்து பதினஞ்சு நாள்ல பால் தானா திரும்பவும் செய்யும். திரும்புனதும் மறந்துருவாங்க, அது தான் பிரச்சன. கிருமி உள்ள எறங்கி சில வாரம் கழிச்சு, சில நேரம் ரெண்டு மூணு மாசம் கூட கழிச்சு தான் கன்னு வீசறது, இல்லாட்டி செத்த கன்னு, பொறந்தும் எந்திரிக்க மாட்டாத நோஞ்சான் கன்னு. சினை ஊசி மேல சினை ஊசி போட்டும் நிக்காத மாடுகள்ல கொஞ்சம் இதுனால இருக்கலாம். கன்னுக்குட்டிக பொமோனா மாதிரி வெளி ரகம் புடிச்சா காபி கலர்ல மூத்திரம் பேஞ்சு சாகும், நம்மாளுக உண்ணிக்காய்ச்சல்னு முடிவு பண்ணிருவாங்க, உண்ணிக்காய்ச்சல்லயும் மூத்திரம் அப்புடி தான் போகும், ரத்தம் எடுத்து பாக்காம பிரிக்க முடியாது.

சரி தடுப்பூசி. கால்நடை மருந்தகத்துல இருந்து வந்து போடறது கோமாரிக்கும், நாலுல இருந்து எட்டு மாச கிடேரி கன்னுக்கு புருசெல்லாவுக்கும், ரெண்டும் 2019ல ஆரம்பிச்ச தேசிய திட்டத்துல வர்றது. இதுல லெப்டோ கெடையாதுங்க. ஆனா ஊர்ல இந்த மாதிரி பேச்சு தான் நடக்கும்:

"ஏனுங் டாக்டர், போன மாசந்தானுங்க எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டீங்க, அப்பறம் எப்புடிங்க கன்னு வீசுச்சு?"

"அது கோமாரி ஊசிங்க ஆத்தா. கன்னு வீசறதுக்கு அஞ்சாறு காரணம் இருக்குதுங்க, அது எல்லாத்துக்கும் அந்த ஊசி நிக்காதுங்க."

வெளிநாட்டுல மாட்டு லெப்டோ ஊசி பல வருசமா இருக்குது. அமெரிக்கால அஞ்சு ரகம் ஒண்ணா சேத்து, ஹார்ஜோ, பொமோனா, கனிகோலா, கிரிப்போடைஃபோசா, இக்டெரோஹெமரேஜியேன்னு போட்டுட்டு இருந்தாங்க. பேப்பர்ல பாத்தா ஹார்ஜோ இருக்குது. ஆனா உள்ள இருந்தது பிரஜித்னோ வகை, பண்ணைல சுத்துனது போவிஸ் வகை. 1980கள் கடைசில ஊசி போட்ட மாட்டுக்கு போவிஸ் கிருமிய குடுத்து பாத்தா கிட்னில போய் ஜம்முனு ஒக்காந்துருச்சு, மூத்திரத்துலயும் வந்துச்சு, ரத்தத்துல கிருமிய எதிர்க்கற ஆன்டிபாடி இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஹார்ஜோவுக்கு எதிரா ஆன்டிபாடி மட்டும் போதாது, மாட்டோட வெள்ளணு செல்லுகளே கெளம்பி வேலை செய்யற மாதிரி ஊசி இருக்கோணும்னு அப்பறம் தான் புரிஞ்சுது. பொறவு போவிஸ் கிருமிலயே செஞ்ச தனி ஊசி வந்து நல்லா வேலை செய்யுது, ஆனா அதுவும் நாலு அல்லது ஆறு வாரம் இடைவெளில ரெண்டு டோஸ், பொறவு வருசா வருசம்.

இன்னொன்னு, இந்த ஊசி ஏற்கனவே கிட்னில குடியிருக்கற கிருமிய காலி பண்ணாது. அதனால சின்ன வயசுலயே, மந்தைல கிருமி ஒட்டறதுக்கு முன்னாடியே போட்டா தான் முழு பலன். கன்னு வீசுனதுக்கு அப்பறம் ஓடிப்போய் ஊசி போடறது அந்த மாட்டுக்கு ரொம்ப லேட்டுங்க, அதுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஆக்சிடெட்ராசைக்ளின் மாதிரி மருந்த டாக்டர் அளவு பாத்து குடுத்து கிருமி கக்கறத கொறைக்கோணும், அத்தன நாளும் பால சொசைட்டிக்கு ஊத்த கூடாது, இந்த கடைசி விசயத்த எத்தன பேரு மதிக்கறாங்கன்னு நான் கேக்க வேண்டாம்.

நியூசிலாந்து கதை இதுல நல்ல பாடம். அங்க பால் கறக்கறவங்களுக்கு இந்த காய்ச்சல் ரொம்ப சாதாரணமா வந்துட்டு இருந்தது, கறவை மாடு ஆள விட ஒசரமான மேடைல நிக்கும், மூத்திரம் நேரா மூஞ்சில தெறிக்கும். 1980 வாக்குல மாட்டுக்கெல்லாம் ஹார்ஜோ, பொமோனா ஊசி போட ஆரம்பிச்சதும் மனுசங்களுக்கு வர்றது பயங்கரமா கொறஞ்சுது. மாட்டுக்கு போட்ட ஊசி மனுசன காப்பாத்துன கணக்கு. ஆனா இப்ப அங்கயே ஊசில இல்லாத டாரசோவி, பேலம்னு வேற ரகம் பால் பண்ணைக்காரங்ககிட்ட தெரிய ஆரம்பிச்சிருக்குது. ஊசில இருக்கற ரகம் ஒதுங்குனா இல்லாத ரகம் கண்ணுக்கு தெரியும், அப்ப மறுபடி டெஸ்ட் பண்ணி ஊசிய மாத்தோணும். ஒரு தடவ போட்டு மறக்கற ஜாதி தடுப்பூசி இல்ல இது.

அப்ப நம்மூருக்கு என்ன பண்றது? வெளிநாட்டு ஊசிய எவனாவது கொண்டாந்து விப்பான், வாங்கி போட்டுக்கலாம்னு பெரிய பண்ணைக்காரங்க சில பேர் பேசறத கேட்டிருக்கேன். எனக்கு அது தலைகீழ் வேலையா தெரியுது. மொதல்ல எந்த ரகம்னு பாக்கோணும். அதுக்கு மேட் டெஸ்ட்னு ஒண்ணு இருக்குது, லேப்ல உயிரோட வளக்கற ஒவ்வொரு ரக கிருமியோடயும் மாட்டு ரத்த சீரத்த கலந்து எந்த ரகம் கொத்து கொத்தா ஒட்டிக்குதுன்னு மைக்ராஸ்கோப்புல பாக்கறது. நூறு வருசத்து பழைய முறை, இன்னமும் இது தான் அளவுகோல். சென்னை மாதவரத்துல கால்நடை பல்கலைக்கழகத்தோட லெப்டோவுக்குன்னே தனி ஆராய்ச்சி லேப் இருக்குது, நமக்கு கிட்டத்துல நாமக்கல், உடுமலைப்பேட்டைல கால்நடை காலேஜ், ஜில்லாவுல கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு, இவங்க மூலமா சாம்பிள் அனுப்பலாம்.

டெஸ்டுலயும் ஓட்டை இருக்குதுங்க. லேப்ல வளக்கற வரிசைல நம்மூரு ரகம் இல்லீன்னா ரிசல்ட்டு நெகட்டிவ்னு வந்துரும். ஹார்ஜோல கன்னு வீசற நேரத்துக்கு ஆன்டிபாடி ஏறி எறங்கி போயிருக்கும், அந்த ஒரு மாட்டோட ரத்தத்த மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாது, மந்தைல வயசு வாரியா எட்டு பத்து மாட்டுக்கு எடுத்தா தான் படம் கெடைக்கும். மூத்திரத்துல பிசிஆர், அதாவது கிருமியோட மரபணு இருக்குதான்னு தேடற டெஸ்ட், பண்றது இன்னும் நல்லது. டாக்டர் மூத்திரம் நெறைய போக வெக்கற ஃப்ரூசமைடு ஊசி போட்டு, மொத தடவ பேயறத விட்டுட்டு ரெண்டாவது பேயறத சுத்தமான டப்பால புடிப்பாரு, அப்ப கிட்னில ஒட்டிகிட்டு இருக்கறது கழுவிகிட்டு வரும். ஆனா பிசிஆர் கிருமி இருக்குதுன்னு சொல்லும், பெரும்பாலும் ரகம் சொல்லாது. அதனால ரெண்டும் சேந்தாப்ல வேணும்.

நாய்க்கு வருவோம். தடுப்பூசி போடறப்ப டாக்டர் ரெண்டு குட்டி பாட்டில் எடுப்பாரு பாருங்க, ஒண்ணுல வெள்ளையா காஞ்ச வில்லை இருக்கும், அது டிஸ்டெம்பர், பார்வோ மாதிரி வைரஸ் சங்கதி. இன்னொன்னுல தண்ணி. பல கம்பெனில அந்த தண்ணி தான் லெப்டோ ஊசி, சிலதுல அது வெறும் கரைக்கற தண்ணி. ஊசி போட்டதும் ரெண்டு பாட்டில் மேல இருக்கற ஸ்டிக்கரயும் உரிச்சு நாயோட புக்குல ஒட்டுவாங்க, அத ஃபோட்டோ எடுத்து பெருசு பண்ணி படிங்க. கனிகோலா, இக்டெரோஹெமரேஜியே ரெண்டு பேரு மட்டும் இருந்தா அது ரெண்டு ரக ஊசி. நாலு பேரு இருந்தா நாலு ரகம், அமெரிக்க வழியா வந்ததுன்னா கூட கிரிப்போடைஃபோசா, பொமோனா, ஐரோப்பா வழின்னா கிரிப்போடைஃபோசா, ஆஸ்ட்ராலிஸ் குழு. செவன் இன் ஒன், நைன் இன் ஒன்னுங்கற நம்பர வெச்சு முடிவு பண்ணாதீங்க, வைரஸ எண்ணறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், நம்பர் பெருசா இருந்தா லெப்டோ ரகமும் கூட இருக்கும்னு எந்த கட்டாயமும் இல்ல.

ரெண்டு நாலானதுக்கு காரணமும் நியூசிலாந்து கதை மாதிரியே தான். 1960கள்ல இருந்து ரெண்டு ரக ஊசி போட்டு போட்டு மேல்நாட்டுல கனிகோலா ரொம்ப கொறஞ்சு போய், நாய்ங்க வேற ரகத்துல சாக ஆரம்பிச்சுது, அதனால அந்த ரகத்தயும் சேத்தாங்க. அப்ப கனிகோலா ஒழிஞ்சுதான்னா இல்ல, 2021ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல 200க்கு மேல நாய்க்கு லெப்டோ வந்துச்சு, பகல்ல நாய விட்டுட்டு போற டே கேர், போர்டிங் வழியா பரவுனது, கனிகோலான்னு தான் சந்தேகப்பட்டாங்க. கோயமுத்தூர்லயும் இப்ப போர்டிங் எடம் தெருவுக்கு தெரு வந்திருச்சு, விடறதுக்கு முன்னாடி லெப்டோ ஊசி தேதி கேக்கற எடமா பாத்து விடுங்க.

கேரளால நாய் ரத்தத்த மேட் டெஸ்ட் பண்ணப்ப ஆட்டம்னாலிஸ், ஆஸ்ட்ராலிஸ், பொமோனான்னு ரெண்டு ரக ஊசில இல்லாத பேரு நெறைய வந்திருக்குது. பாலக்காட்டு கணவாய் தாண்டுனா நம்ம பொள்ளாச்சி, அதனால இது நம்ம கதை இல்லைன்னு தள்ள முடியாது. ஆனா ஆட்டம்னாலிஸ்ல ஒரு குழப்பம் இருக்குது, ஊசில அந்த ரகமே இல்லாட்டியும் ஊசி போட்ட நாய்க்கு அந்த ரகத்துக்கு ரிசல்ட்டு ஏறி வரும், குறுக்கால வர்ற ரியாக்சன். அதனால ஊசி போட்ட நாயோட ஒரே ஒரு ரிப்போர்ட்ட வெச்சு எந்த ரகம்னு சத்தியம் பண்ண முடியாது, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்து ஆன்டிபாடி அளவு நாலு மடங்கு ஏறுதான்னு பாக்கோணும். நாலு ரக ஊசி கெடைச்சா நான் அத தான் போடுவேன், தோட்டத்து நாய்க்கு கண்டிப்பா. கெடைக்கலீன்னா ரெண்டு ரகமாவது போடுங்க, எலி ரகம் அதுல இருக்குது, நாய கொல்றதுல அது பெரிய ஆளு.

குட்டிக்கு எட்டு ஒம்பது வாரத்துல ஒண்ணு, அதுக்கப்பறம் ரெண்டுல இருந்து நாலு வாரம் கழிச்சு இன்னொன்னு, அப்பறம் வருசா வருசம். பார்வோவுக்கு மூணு வருசத்துக்கு ஒருக்கா போதும்ங்கற பேச்ச லெப்டோவுக்கும் சேத்து எடுத்துக்காதீங்க, இது செத்த கிருமில செஞ்ச ஊசி, ஒரு வருசத்துக்கு மேல நம்ப முடியாது. ரொம்ப நாள் விட்டுட்டா மறுபடி ரெண்டு டோஸ்ல இருந்து ஆரம்பிக்கோணும்.

தோட்டத்து நாய்க்கு ஏன் அழுத்தி சொல்றேன்னா, அது தான் மாட்டுக்கும் எலிக்கும் நடுவால சுத்தற ஆளு. ராத்திரி பெருச்சாளிய புடிச்சு கடிக்கும், காலைல மாட்டு தொட்டில தண்ணி குடிக்கும், மத்தியானம் கட்டுத்தரை ஓரம் மூத்திரம் தேங்குன ஈரத்துல படுத்துக்கும். கன்னு வீசுனா நஞ்சுக்கொடிய மொதல்ல இழுத்துட்டு போறதும் அது தான். நல்லா கன்னு போட்ட மாட்டு நஞ்சுக்கொடிய வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டற வழக்கம் நம்மகிட்ட உண்டு, வீசுன கன்னோட கொடிக்கு அந்த மரியாதை வேண்டாங்க, கையுறை போட்டு எடுத்து சுண்ணாம்பு தூவி ஆழமா பொதைச்சிருங்க. மாட்டு ஹார்ஜோ நாய்க்கும் தொத்தும், நாயோட கனிகோலா மாட்டுக்கும் பன்னிக்கும் தொத்தும், மாட்டுக்கு ஊசி இல்லாத ஊர்ல நாய்க்கு போடற ஊசி ஒரு பக்கத்த மட்டும் தான் அடைக்குதுங்கறது ஞாபகம் இருக்கட்டும்.

மனுசங்க விசயம். ஒலகம் பூரா வருசத்துக்கு சுமார் 10 லட்சம் பேருக்கு வந்து 59,000 பேர் வாக்குல சாகறாங்கன்னு 2015ல ஒரு கணக்கு போட்டாங்க. கெண்டைக்கால் சதை தொட விடாத வலி, கண்ணு செவசெவன்னு, காய்ச்சல், இப்புடி வந்தா ஆஸ்பத்திரில மாடு வெச்சிருக்கேன், நாய் இருக்குது, போன வாரம் வாய்க்கால்ல எறங்குனேன்னு நீங்களா வாய தொறந்து சொல்லோணும், டாக்டர் டெங்குவ தான் மொதல்ல பாப்பாரு. சீக்கிரம் புடிச்சா டாக்ஸிசைக்ளின், பென்சிலின்ல சரியாயிரும். பால பத்தி பயப்பட வேண்டாம், தண்ணி கலக்காத பால்ல இந்த கிருமி தாக்கு புடிக்காது, காச்சுனா சுத்தமா செத்துரும்.

பயப்பட வேண்டியது கோமியத்துக்கு. மாட்டு மூத்திரம் காரத்தன்மை உள்ளது, லெப்டோவுக்கு அந்த பக்குவம் தான் புடிக்கும். பஞ்சகவ்யத்துக்கு விடியக்காலைல வெறுங்கையோட கோமியம் புடிக்கறவங்க, கைல வெடிப்பு புண்ணு இருந்தா கையுறை போட்டுக்கங்க. பச்சையா குடிக்கறவங்களுக்கு நான் என்ன சொன்னாலும் கேக்க போறதில்ல, இருந்தாலும் சொல்றேன், நல்லா இருக்கற மாடு தான் மாசக்கணக்குல கிருமி கக்கும்னு மேல எழுதியிருக்கேன், மறுபடி ஒருக்கா படிச்சுக்கங்க.

அடுத்த தடவ மாடு கன்னு வீசுனா, இல்ல மடி தொளதொளன்னு பால் அத்துப்போனா, ஆன்டிபயாடிக் ஊசி போடறதுக்கு முன்னாடி ரத்தமும் மூத்திரமும் எடுக்க சொல்லுங்க, நாய்க்கு மஞ்சக்காமாலை வந்தாலும் அதே தான். மருந்து போட்டுட்டு எடுத்தா பிசிஆர்ல ஒண்ணும் சிக்காது. வீசுன கன்னையும் பொதைக்கறதுக்கு முன்னாடி டாக்டருக்கு காட்டிருங்க, அதுலயே புருசெல்லாவுக்கும் சேத்து பாத்துக்கலாம். மூணு வாரம் கழிச்சு அதே மாட்டுக்கு ரெண்டாவது ரத்தம் எடுக்கறதுக்கு தேதிய காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுக்கங்க, முக்காவாசி கேஸு அந்த ரெண்டாவது சாம்பிள் வராம தான் பாதில நிக்குதுங்க.